முடுக்கினால் உறுமும் ஹைலக்ஸ்: டர்போ மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

வவுணதீவான்

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் விகோ பிக்கப், டபுள் கேப், 2.5 டீசல், ஃபோர் வீல். வயலுக்கு விதைநெல், உரம் கொண்டுபோவது, அறுவடை முடிந்தால் மூடை ஏற்றுவது எல்லாம் இதில்தான். இவ்வளவு காலமும் எஞ்சின் பக்கம் ஒரு தொந்தரவும் தந்ததில்லை.

மாரி வெள்ளம் வடிந்த பிறகு சத்தம் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ணி எடுக்கும்போது முன்பக்கத்தில் பெரிய இரைச்சல். கிளச்சை விட்டு நகரும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு அடி. வலையிறவுப் பாலம் தாண்டி நல்ல ரோட்டில் ஏறி ஐம்பது, அறுபதில் அக்சிலேட்டரை மிதித்தால் ‘ஊஊ’ என்று ஓலமிடுகிறது. பின் சீட்டில் இருக்கும் அம்மாவோடு கத்தித்தான் கதைக்க வேண்டும்.

ஒரு கராஜில் காட்டினேன். ஓடிப் பார்க்கவில்லை. பொனட்டைத் திறந்து ரேஸ் பண்ணிக் கேட்டுவிட்டு, டர்போ போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். நெல் இன்னும் விற்கவில்லை. காசைக் கொட்டுவதற்கு முன் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாழைச்சேனை மீன்லொறி

தம்பி, முதலில் சைலன்சர் லைனைப் பாருங்கள். என்னுடைய மிட்சுபிஷி எல் 200 பிக்கப் இதே மாதிரித்தான் முடுக்கும்போது இரைந்தது. துறைமுகத்தில் இருந்து மீன் ஏற்றுகிறோம், ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் அடியில் வடிந்துகொண்டே இருக்கும். சைலன்சர் குழாயின் ஃபிளாஞ்ச் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. வெல்டிங் பண்ணி கேஸ்கட் போட்டதும் சத்தம் நின்றது. சின்னச் செலவு.

கல்முனை டீசல்

வவுணதீவுத் தம்பி, டர்போவுக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது ஒரு சத்தம் அல்ல, மூன்று சத்தம் எனக்குக் கேட்கிறது. மூன்றையும் ஒரே வருத்தம் என்று நினைத்து ஒரு சாமானை மாற்றினால், மாற்றிய பிறகும் இரண்டு சத்தம் மிஞ்சும்.

சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றோடா, வாகனம் ஓடும் வேகத்தோடா, இல்லை எஞ்சின் சுமை இழுக்கும்போது மட்டுமா? அதற்குச் சாவி, ஸ்பானர் ஒன்றும் தேவையில்லை. ஆள்நடமாட்டம் இல்லாத நேரான ரோடு போதும். செங்கலடியில் இருந்து கரடியனாறு பக்கம் போகிற ஏ5 வீதியில் அதிகாலையில் தோதான இடம் கிடைக்கும்.

நிற்க வைத்து நியூட்ரலில் ரேஸ் பண்ணுங்கள். அப்போதே அந்த ‘ஊ’ வந்தால் எஞ்சினோடு ஒட்டியது: ஃபேன், பெல்ட், டர்போ, சைலன்சர் லீக், கியர் பொக்ஸ் முன் பெயாரிங். வராவிட்டால் எஞ்சினுக்கு உடனே நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். டர்போ காற்று போகும் ஹோஸ் கிழிந்திருந்தால் சும்மா ரேஸ் பண்ணும்போது தெரியாது, சுமை இழுத்துக் காற்றழுத்தம் ஏறினால்தான் ‘உஸ்’ என்று சீறும். கூடவே கறுப்புப் புகை வரும், வாகனம் இழுக்காது. உங்களுக்குப் புகையோ இழுவைக் குறைவோ உண்டா?

மறுகா, ஓடும்போது அறுபதில் சத்தம் வந்ததும் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து உருள விடுங்கள். எஞ்சினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பிரேக் பூஸ்டருக்கு வாக்கம் கிடைக்காது, சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். உருளும்போதும் அதே சத்தம் இருந்தால் டயர் அல்லது வீல் பெயாரிங். மாயமாக மறைந்தால் இழுவை லைனில் எங்கோ இருக்கிறது.

கடைசியாக, ஒரே அறுபதை மூன்றாம் கியரிலும் நாலாம் கியரிலும் ஓடிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மாறும், ரோட்டு வேகம் மாறாது. சத்தத்தின் சுருதி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது கியர் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிற சாமான்: பின் அக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகிற புரொப்பலர் சாஃப்ட், அதை நடுவில் தாங்குகிற சென்டர் பெயாரிங், அந்தச் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குத் திருப்பிக் கொடுக்கிற டிபரன்சல். கியரோடு சேர்ந்து சுருதி மாறினால் முன்னால் தேட வேண்டும்.

இதைச் செய்துவிட்டு வந்து எழுதுங்கள். கூட ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போங்கள். நீங்கள் ரோட்டைப் பாருங்கள், அவர் காதைக் கொடுக்கட்டும்.

பொத்துவில் ஓட்டி

மட் டயர் போட்டிருந்தால் அதுவும் ‘ஊ’ என்றுதான் சத்தம் போடும். கார்பெட் ரோட்டில் ஒரு மாதிரி, கிரவல் ரோட்டில் வேறு மாதிரி கேட்டால் டயர்தான்.

வவுணதீவான்

மட் டயர் இல்லை, சாதாரண டயர். டீசல் அண்ணன், நீங்கள் சொன்ன மாதிரியே மச்சானை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

நிற்க வைத்து ரேஸ் பண்ணினால் ‘ஊ’ இல்லை. ஆனால் காலையில் முதல் எடுக்கும்போது வரும் முன்பக்க இரைச்சல் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. புகை இல்லை, இழுவை பழைய மாதிரியே. நியூட்ரலில் உருட்டியதும் ‘ஊ’ அறவே நின்றது. மூன்றிலும் நாலிலும் ஒரே சுருதி. இன்னொன்றும் கவனித்தோம்: அக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் ஓலம், காலை எடுத்தால் ஒரு கணம் அமைதி, பிறகு மெல்லிய முனகல். மச்சான் பின் சீட்டில் குனிந்து கேட்டுவிட்டுப் பின் அக்சில் பக்கம் என்கிறார்.

கல்முனை டீசல்

உங்கள் மச்சானுக்கு நல்ல காது. சரி, ஒவ்வொன்றாக எடுப்போம்.

காலை இரைச்சலை மறந்துவிடுங்கள். அது ரேடியேட்டர் ஃபேனின் பிசுக்குக் கிளச். உள்ளே சிலிக்கோன் ஒயில் இருக்கிறது. இரவு முழுக்க நின்றால் ஒயில் ஒரு இடத்தில் தேங்கி, ஸ்டார்ட் பண்ணியதும் ஃபேனை முழு வேகத்தில் பிடித்துச் சுழற்றும். கொஞ்சம் ஓடியதும் விட்டுவிடும். நாள் முழுக்க அடங்காமல் இரைந்தால் மட்டும் அந்தக் கிளச் இறுகிவிட்டது என்று பொருள்.

‘டங்’ என்பது பெரும்பாலும் புரொப்பலர் சாஃப்டை மடங்கிச் சுழல விடுகிற குரோஸ் ஜொயிண்ட், அல்லது சாஃப்ட் நீண்டு குறுகுகிற அந்தச் சிலிப் ஜொயிண்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்தது. எஞ்சின் மவுண்டிங் உடைந்தாலும் அடி கேட்கும், ஆனால் அப்போது கியர் கம்பும் சேர்ந்து துள்ளும். பின் ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், மூடை ஏற்றுகிற வாகனம்.

‘ஊ’ என்பது டிபரன்சல். மிதித்தால் ஓலம், விட்டால் மாற்றம் என்பது அதன் கையெழுத்து. உள்ளே பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் கிரவுண் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. முடுக்கும்போது பினியன் பல்லின் ஒரு முகம் சுமையைத் தாங்கும், காலை எடுத்தால் மறு முகம் தாங்கும். பினியன் பெயாரிங் தேய்ந்திருந்தால் சுமை மாறும்போது பினியன் இம்மியளவு முன்னும் பின்னும் நகரும், பற்கள் பொருந்துகிற இடம் மாறும், சுருதியும் மாறும்.

இப்போது ஒரு கேள்வி. வெள்ள நேரத்தில் தண்ணீருக்குள் ஓடினீர்களா?

வவுணதீவான்

ஓடினேன் அண்ணன். ஆயித்தியமலைப் பக்கம் ரோட்டை மேவித் தண்ணீர் பாய்ந்தது. தாழ்வான சப்பாத்துப் பாலத்தில் அரைச் சில்லுக்கு மேல் தண்ணீர். வயிற்றுவலிக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேறு வழி இல்லை.

கல்முனை டீசல்

அந்த நேரம் அதைத்தான் செய்ய வேண்டும், வேறு எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் சத்தத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

நன்றாக ஓடி வந்த டிபரன்சல் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த வெள்ளத்தில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, வெளியில் இருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். அதற்காகத்தான் அக்சில் குழாயின் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். துளை தண்ணீருக்குள் மூழ்கினால் தண்ணீரை இழுக்கும். வயல் சேறு அடைத்திருந்தால் ஒயில் சீல் வழியாக இழுக்கும். எப்படியோ தண்ணீர் உள்ளே போய்விடும். ஒயிலோடு தண்ணீர் கலந்தால் பல்லுக்கும் பெயாரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய படலம் நிற்காது. அதோடு நிறுத்தி வைத்த நாட்களில் பெயாரிங் துருப்பிடிக்கவும் தொடங்கும்.

மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள், அது கழரும் என்று தெரிந்த பிறகே கீழ் பிளக்கைத் தொடுங்கள். முழு ஒயிலையும் வடித்த பிறகு மேல் பிளக் இறுகி நின்றால் ஒயில் விட வழியில்லாமல் நடுரோட்டில் நிற்பீர்கள். வடித்து வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் படம் போடுங்கள்.

ஏறாவூர் லேத்

அடியில் போவதற்கு முன் ஒரு வார்த்தை. ஜெக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சமதளத்தில் செய்யுங்கள். சில பேர் பின் சில்லுகளைத் தூக்கி வைத்து, கியர் போட்டு ஓடவிட்டு அடியில் படுத்துக் காது கொடுப்பார்கள். வேண்டவே வேண்டாம். வாகனம் ஸ்டாண்டில் இருந்து இறங்கினால் ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

குரோஸ் ஜொயிண்டுக்கு எஞ்சினை நிறுத்தி, கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு ஜொயிண்டின் இரு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஆட்டம் கைக்கே தெரியும். கப்பைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி துரு கசிந்திருந்தால் உள்ளே ஊசி பெயாரிங் மாவாகிவிட்டது. கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்ச் இரண்டிலும், சிலிப் ஜொயிண்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அதே கோட்டில் திரும்பப் பூட்டாவிட்டால் சாஃப்ட் அதிரும், இல்லாத இன்னொரு சத்தம் வந்து சேரும். எங்கள் கடைக்கு வருகிற சாஃப்ட்டில் பாதிக்கு இந்தக் கோடு இருப்பதில்லை.

வவுணதீவான்

ஒயில் வடித்தோம். முதலில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வந்தது, பிறகு பால்தேநீர் நிறத்தில் குழம்பு. கீழ் பிளக்கின் காந்தத்தில் கறுப்புப் பசை, அதற்குள் விரலில் குத்துகிற மாதிரி மெல்லிய இரும்புச் செதில்கள். பிரீதர் மூடியை அசைக்கவே முடியவில்லை, சேறு காய்ந்து கல்லாகிவிட்டது.

பின் குரோஸ் ஜொயிண்டில் ஆட்டம் இருக்கிறது. சிலிப் ஜொயிண்டின் நிப்பிளில் கிரீஸ் துப்பாக்கி வைத்தால் உள்ளே போகவில்லை.

கல்முனை டீசல்

பசை மட்டும் என்றால் அது சாதாரணத் தேய்வு. ஒயில் மாற்றி ஓடிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். விரலில் குத்துகிற செதில் என்றால் பெயாரிங்கோ பல்லோ உரிகிறது. திறக்கத்தான் வேண்டும்.

அக்கரைப்பற்று ஸ்பெயார்ஸ்

தம்பி, பெயாரிங் தட்டி, இடைவெளிக்கு ஷிம் தகடு வைத்து நேரத்தை வீணாக்குவதை விட ரீகண்டிசன் டிபரன்சல் தலையை அப்படியே மாற்றிவிடுங்கள். அரை நாள் வேலை. எங்கள் பக்கம் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கல்முனை டீசல்

காக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இது ஃபோர் வீல் வாகனம். பின் டிபரன்சலின் பல் விகிதமும் முன் டிபரன்சலின் பல் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹைலக்ஸிலேயே மாடலுக்கு மாடல் விகிதம் மாறும். வேறு விகிதத்தைப் பூட்டினால் டூ வீலில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. வயல் சேற்றுக்குள் ஃபோர் வீல் போட்ட அன்றைக்கு முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுக்கும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ் உடையும். வாங்குவதாக இருந்தால் கிரவுண் பல்லை எண்ணிப் பினியன் பல்லால் பிரியுங்கள். 41க்கு 10 என்றால் 4.1. பழையதிலும் அதே கணக்கு வந்தால் மட்டும் வாங்குங்கள். வாகனத் தகட்டில் இருக்கிற அக்சில் குறியீட்டையும் ஒப்பிடலாம்.

அக்கரைப்பற்று ஸ்பெயார்ஸ்

அது உண்மைதான், விகிதம் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. ஆனால் பினியனைத் திரும்பப் பொருத்தத் தெரிந்த கை எத்தனை பேருக்கு இருக்கிறது? தெரியாத கையில் கொடுத்தால் புதுப் பெயாரிங்கும் போகும், பல்லும் போகும். அதற்காகத்தான் முழுத் தலையைச் சொல்கிறேன்.

ஏறாவூர் லேத்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல் நல்லா இருந்தால் பெயாரிங் மாற்றுவது, பல் உடைந்திருந்தால் தலையை மாற்றுவது என்று திறந்த பிறகு முடிவெடுக்கலாம். கிரவுணும் பினியனும் ஒரு சோடியாக உரசிப் பழகியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் இரண்டு மடங்காகும்.

பொருத்தும்போது மெக்கானிக்கிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கிரவுண் பற்களில் மெல்லிய பெயிண்ட் பூசி, சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நுனியிலோ அடியிலோ விழுந்தால் ஷிம் மாற்ற வேண்டும். பினியன் நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்குகிறவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். அதற்கு ஒரு அளவு இருக்கிறது. கூடினால் பெயாரிங் வெந்துபோகும், குறைந்தால் மீண்டும் ஓலம். உள்ளே நசுங்குகிற ஸ்பேசர் இருந்தால் அதைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

பொத்துவில் ஓட்டி

தடித்த 140 ஒயில் விட்டால் சத்தம் அடங்கும் என்கிறார்களே? செலவில்லாமல் முடியும்.

கல்முனை டீசல்

அடங்கும், வருத்தம் மாறாது. தடித்த ஒயில் சத்தத்தை மூடும், பெயாரிங் உள்ளே உரிந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் பினியன் இறுகிப் பின் சில்லு பூட்டிக்கொள்ளும். வாகனம் விற்கிறவர்கள் சிலர் மரத்தூள் போட்டுக்கூடச் சத்தத்தை மறைப்பார்கள். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் டிபரன்சல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை புது வாகனம் வராமல் இருந்த காலத்தில் ஓடித் தேய்ந்ததெல்லாம் கை மாறிக்கொண்டிருக்கிறது.

இந்த வாகனத்துக்கு 80டபிள்யூ 90 அல்லது 85டபிள்யூ 90, ஜிஎல் 5 தரம். லிமிட்டெட் சிலிப் டிபரன்சல் என்றால் அதற்கென்று உள்ள ஒயில். மேல் பிளக் துளை வரை நிரம்பி வழிந்தால் அளவு சரி.

வவுணதீவான்

வேலை முடிந்தது. கல்முனையில் டிபரன்சல் மட்டுமே செய்கிற ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். பல் தப்பிவிட்டது, ஒரு உடைவும் இல்லை. பினியனின் முன் பெயாரிங்கில் உருளைகள் ஓடுகிற வளையத்தில் துரு தின்ற குழிகள் வரிசையாக இருந்தன, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. உருளைகள் நின்ற இடைவெளிக்குச் சரியாக அதே இடைவெளியில் குழி. தண்ணீரோடு நிறுத்தி வைத்த நாட்களில் விழுந்த தடம் என்று அவர் காட்டினார். பினியன் பெயாரிங் இரண்டு, பக்கப் பெயாரிங் இரண்டு, ஒயில் சீல், ஸ்பேசர் மாற்றினார். பெயிண்ட் தடத்தை நான் கேட்காமலே கூப்பிட்டுக் காட்டினார்.

குரோஸ் ஜொயிண்ட் புதிது. சிலிப் ஜொயிண்டைக் கழற்றிக் கழுவி, நிப்பிள் மாற்றி, கிரீஸ் அடித்தாயிற்று. கோடு போட்டுத்தான் கழற்றினோம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மிதித்தும் விட்டும் பார்த்தேன். ‘டங்’ இல்லை. ‘ஊ’ போய்விட்டது, எழுபதுக்கு மேல் உற்றுக் கேட்டால் மட்டும் மெல்லிய முனகல். மொத்தச் செலவு டர்போவுக்குக் கேட்டதில் பாதிகூட வரவில்லை. டீசல் அண்ணன், லேத் அண்ணன், காக்கா, எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. அம்மாவும் சொல்லச் சொன்னார்.

கல்முனை டீசல்

மிகவும் சந்தோசம் தம்பி. அந்த மெல்லிய முனகல் பல்லின் பழைய தேய்வு, அது பெருக்காவிட்டால் பயமில்லை. கொஞ்ச நாள் லோட் குறைத்து ஓடுங்கள். முதல் ஒயிலைச் சீக்கிரம் வடித்து விடுங்கள், புதுப் பெயாரிங் உதிர்க்கிற துகள் அதோடு போகட்டும்.

அடுத்த மாரிக்கு முன் பிரீதரைக் கழற்றி, அந்தத் துளையில் ஹோஸ் முனை ஒன்றைப் பூட்டி, ஒயில் தாங்குகிற ரப்பர் குழாயை பின் லைட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். முனையைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். அக்சில் மேலும் கீழும் ஆடும், அதனால் குழாய் இறுக்கமாக நிற்கக் கூடாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஓடுகிற பிக்கப், டிராக்டர் வைத்திருக்கிற எல்லோரும் இதைச் செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டி வந்தால், நேரம் இருந்தால், இறங்குமுன் கொஞ்சம் நிறுத்திச் சூட்டை ஆறவிடுங்கள். ஏறி வந்த பிறகு ஒயிலைப் பாருங்கள், குரோஸ் ஜொயிண்டின் நாலு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புது கிரீஸ் அடியுங்கள்.

மண்டூர் மகள்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணன். எங்கள் அப்பாவின் பிக்கப்பும் எடுக்கும்போது கர கரவென்று இரைகிறது, ஆனால் நிற்க வைத்தாலும் இரைகிறது. கிளச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. இதுவும் டிபரன்சலா?

கல்முனை டீசல்

இல்லை தங்கச்சி. நிற்கும்போதே இரைந்து, கிளச்சை மிதித்தால் நிற்கிறது என்றால் கியர் பொக்ஸின் முன் சாஃப்ட் பெயாரிங். மிதித்தால் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளச் ரிலீஸ் பெயாரிங். அப்பாவிடம் முதலில் கியர் ஒயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் வெள்ளத்தில் ஓடியிருந்தால் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வாகனம் என்ன மாடல், எந்த ஆண்டு என்று எழுதி, தனி இழை ஒன்று திறங்கள், அங்கே பார்ப்போம்.